அப்பாவை அடிக்கும் காட்சி

விடியப்போகிற நேரத்தில் எங்கள் கடல் கடல் மாதிரியே இராது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையிலிருந்து கனதூரத்துக்கு முழங்கால் தண்ணீர்தான். அலையும் இல்லை, சத்தமும் இல்லை, வானம் எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. அதற்குள்ளே வெள்ளை உடுப்பும் சிவப்பு இடுப்புப்பட்டியுமாக, கையில் வாளோடு நான் நடந்து வருவேன். வந்து சேர்ந்ததும், திரும்பிப் போய் இன்னொருக்கால் நடந்து வரச் சொல்வார்கள். படம் எடுப்பது என்றால் இதுதான் என்று முதலே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

படத்தை எடுத்தவர் பிரான்சில் பிறந்து வளர்ந்த எங்களூர்ப் பிள்ளை. சண்டை தெரிந்த பெண் வேண்டுமென்று தேடி, மாதா கோயில் மண்டபத்தில் சிறுமிகளுக்குக் கராட்டி பழக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார். கதை நாலு வரிதான். ஒருத்தியின் வீட்டை எரித்துவிடுகிறார்கள். அவள் எங்கேயோ போய்ச் சண்டை பழகி வருகிறாள். எரித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து முடிக்கிறாள். கடைசியாக அவர்களுடைய தலைவன். கதையை விட அவருக்குப் புகைதான் முக்கியம். தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குவித்து மூட்டிவிட்டு, அந்தப் புகைக்குள்ளால் கண்ணிமைக்காமல் மெல்ல வரவேண்டும் என்பார். கண்ணெரிந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! ஆனால் பொய் சொல்லக்கூடாது, அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் கை மெதுவாகத்தான் வாய்க்குப் போகும். வேறு யாரோ காண்கிற கனவுக்குள்ளே நான் நடந்து திரிவது போல இருக்கும்.

வீட்டில் அப்பாவும் நானும் கதைப்பதில்லை. அது தொடங்கி மூன்று வருசமாகியிருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், கலியாணத்துக்குப் பிறகு கராட்டியை விடுவாவோ என்று கேட்டார்கள். என்னிடமல்ல, அப்பாவிடம். அவர் வாயைத் திறக்க முதல் நான், "வேணுமெண்டால் மாப்பிள்ளையை விடுறன், கராட்டியை விடேலாது" என்றேன். வந்தவர்கள் தேத்தண்ணீரும் குடித்து முடியவில்லை, அவர்களுக்கு முன்னாலேயே அப்பா என் கன்னத்தில் அறைந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அவர் என்னை அடித்தது. நான் அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அதற்குப் பிறகு எல்லாம் அம்மா மூலம்தான். "உவளிட்டைச் சொல்லு, கேற்றைப் பூட்டிப்போட்டுப் படுக்கச் சொல்லி." "அம்மா, கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கோ, நான் கூட்டோணும்." மூவரும் ஒரே அறைக்குள்தான் இருப்போம். "உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு எனக்குத்தான் சீவன் போகுது" என்று அம்மா பேசுவார். இரண்டு பேருக்கும் உறைக்காது.

தலைவனாக நடிக்க இருந்தவர் கொழும்பில் காய்ச்சலோடு படுத்துவிட்டார். எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டு கரையில் நிற்க, தொழிலுக்குப் போன அப்பா வள்ளத்தைக் கட்டிவிட்டு வெளிச்சத்துக்கு எதிராகத் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தார். கோயில் பெருநாளில் மேடையேறும் கூத்தில் அரசன் வேசம் என்றால் அவர்தான். மீன் கூடையோடு வந்தாலும் அந்த நடை போகாது. பிரான்ஸ் தம்பி அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ஐயா, கடைசியிலை சாகிற தலைவனா நீங்கள் நடிப்பீங்களோ?"

"ஓம். என்னை வெட்டுறது ஆர்?"

தம்பி என்னைக் காட்டினார். அப்பா கூடையை மணலில் வைத்தார். பிறகு "சரி" என்றார்.

கடைசிச் சண்டையில் என் வாள் தண்ணீருக்குள் விழுந்துவிடும். வெறுங்கையால் முகத்தில் குத்தவேண்டும். குத்து ஒரு சாண் முன்னால் நிற்கும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் சரிந்து விழவேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து பழகியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள்தான் கதைப்பதில்லையே! நான் புறம்பாகப் பழகினேன், அவர் புறம்பாகப் பழகினார். "அம்மா, முகத்தைத் திருப்பச் சொல்லுங்கோ" என்று நான் தண்ணீருக்குள் நின்று கத்த, கரையில் குடையோடு நின்ற அம்மா, "இஞ்சருங்கோ, முகத்தைத் திருப்பட்டாம்!" என்று அவருக்குக் கத்தினார். புகை மூட்டிக்கொண்டு நின்ற பெடியங்கள் சிரித்து உருண்டார்கள்.

கமரா ஓடியது. புகை தண்ணீரின் மேலே படர்ந்து வந்தது. அப்பா புகைக்குள்ளிருந்து கறுப்புச் சால்வையோடு வெளியே வந்தார். எனக்கு அந்த நேரம் கதையும் மறந்துவிட்டது, எரிந்த வீடும் மறந்துவிட்டது. என் கன்னம் மட்டும் ஞாபகம் வந்தது. ஆனாலும் கையை அளவாகத்தான் விட்டேன், சத்தியமாக. அவர் முகத்தைத் திருப்பவில்லை. கூத்தில் அரசன் எதிராளிக்கு முகத்தைத் திருப்பமாட்டான், ஓரடி முன்னால் வைப்பான். அவர் கால் தன்பாட்டில் அந்த ஓரடியை வைத்தது. என் கை அவர் கன்னத்தில் எலும்பிலேயே இறங்கியது.

"என்ரை மாதாவே!" என்று அம்மா குளறினார்.

அப்பா விழவில்லை. உதட்டில் இரத்தத்தோடு, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, பாடத் தொடங்கினார். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த மகளைச் சிறையில் போட்ட அரசன், சாகும்போது அவளைக் கூப்பிட்டுப் பிழை பொறுக்கச் சொல்லிப் பாடுகிற பாட்டு. எத்தனையோ பெருநாளில் கேட்டிருக்கிறேன். மேடையில் சனத்தைப் பார்த்துத்தான் பாடுவார். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பாடினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயால் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாராம், பாட்டில் கேட்பாராம்! இது எனக்கோ, இல்லாவிட்டால் பழக்கதோசத்தில் வருகிறதோ? அதுவும் தெரியவில்லை.

"கட், கட்! ஐயா, பாட்டு வேண்டாம்" என்று தம்பி ஓடி வந்தார்.

"பாடாமல் எப்பிடித் தம்பி சாகிறது?" என்று அப்பா உண்மையாகவே கேட்டார்.

இரண்டாவது முறை சொன்னபடி முகத்தைத் திருப்பி, சத்தமில்லாமல் சரிந்தார். படத்தில் இருப்பது அதுதான். பார்த்தவர்கள் நல்ல வடிவு என்கிறார்கள்.

கரைக்கு வரும்போது அவர் கன்னம் வீங்கியிருந்தது. அம்மா மீன் பெட்டிக்குள்ளிருந்து ஐஸை அள்ளித் துவாயில் சுற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பேசிப் பேசி ஓடி வந்தார். அப்பா துவாயை வாங்கினார். கன்னத்தில் வைக்கவில்லை. வள்ளத்தோடு சாய்ந்திருந்த என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கையைக் காட்டு."

அம்மாவைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீட்டினேன். விரல் மொளியெல்லாம் சிவந்திருந்தது. துவாயை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஒண்டுமில்லையப்பா. உங்கடை முகத்திலை வையுங்கோ."

"முகம் நாளைக்குச் சுகம் வந்திடும் பிள்ளை" என்றார். "அடிச்ச கைதான் கனகாலம் நோகும். எனக்குத் தெரியும்."