ஒற்றை ஸ்டாருக்கு நான் எழுதிய பதில்

கோபமாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமே கிடையாது. ஏழு வருடமாக அவர்களோடுதான் என் பிழைப்பு. இணையதளங்களில் பொருத்திக்கொள்கிற காலண்டர் மென்பொருள் ஒன்றைச் செய்கிற சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது, நான் கறம்பக்குடியில் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். மென்பொருளை வாங்கியவர்கள் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதில் எழுத வேண்டும். அவர்கள் ஸ்டார் போட்டு எழுதுகிற ரிவ்யூக்களுக்கு, ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில் பதில் எழுத வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எத்தனை விதமான மனிதர்கள்! ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு, "இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை" என்று எழுதியவர் உண்டு. "எல்லாம் அருமை, ஆனால் எனக்குத் தேவைப்பட்டது வேறு" என்று ஒரு ஸ்டார் போட்ட புண்ணியவான் உண்டு. எங்கோ வெளிநாட்டில் யோகா சொல்லித்தருகிற ஓர் அம்மா, வகுப்புக்கு எல்லாரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறார்கள், உங்கள் காலண்டர்தான் காரணம் என்று வறுத்தெடுத்தார். அவர் நாட்டில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிற நாள் அது. ஊரே தள்ளி வைத்துவிட்டது, அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மட்டும் பழைய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாதாமாதம் முப்பத்தோராம் தேதி கூட்டம் என்று பதிந்துவிட்டுப் பிப்ரவரியில் கூட்டத்தைக் காணோமே என்று தேடியவரும் இருக்கிறார். இவர்களுக்கெல்லாம் சிரிக்காமல், குத்திக்காட்டாமல், அதே நேரம் விட்டும் கொடுக்காமல் பதில் எழுத ஒரு கை வேண்டும். அந்தக் கை எனக்கு உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு என் பதில்களைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள்.

அப்படி நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த காலத்தில்தான் அந்த ரிவ்யூ வந்தது. ஒற்றை ஸ்டார். போன் மொழிபெயர்த்துக் கொடுத்த ஆங்கிலம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைப் பதிந்து வைத்திருந்தேன், சனிக்கிழமையை உங்கள் காலண்டர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது, ஒரே மேடைக்கு இரண்டு கல்யாண வீட்டார் வரப்போகிறார்கள், இதை யாரும் வாங்காதீர்கள். அவ்வளவுதான். பெயரில்லை, ஊரில்லை, படமும் இல்லை.

எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காலண்டர் சரியாகவே இயங்குகிறது, நீங்கள் நிகழ்ச்சியை ஞாயிறு என்றுதான் பதிந்திருக்கிறீர்கள், ஆகவே சனிக்கிழமை காலியாகக் காட்டப்பட்டது, இது பதிவு செய்தவரின் பிழை, எங்கள் உதவிப் பக்கத்தைப் படியுங்கள் என்று எழுதினேன். கீழே வழக்கம்போல "சப்போர்ட் குழு" என்று போட்டேன். அன்று மாலைக்குள் நாலைந்து பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். எங்கள் மேலாளர்கூட "நச்" என்று ஒரு வார்த்தை அனுப்பினார். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் அதே ஆளிடமிருந்து சப்போர்ட்டுக்கு நேரடியாக ஒரு செய்தி. எழுத்தே இல்லை, ஒரு படம் மட்டும். அருகருகே வைத்து எடுத்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். ஒன்று ஞாயிறு காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். இன்னொன்று சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரவேற்பு. இரண்டிலும் ஒரே மண்டபம். மண்டபம் மணமேல்குடியில்.

தமிழில் இருந்த அந்தப் பத்திரிகைகளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே மண்டபம் அவர்களுடையது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவது, நிச்சயதாம்பூலம், பந்தி, படுக்கை எல்லாமே முந்தின நாள்தான். எங்கள் பக்கத்தில் யாரும் இதைச் சொல்லி மண்டபம் பிடிக்க மாட்டார்கள். முகூர்த்தத் தேதியைச் சொன்னாலே முந்தின சாயங்காலமும் அதில் அடக்கம். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. எங்கள் ஆபீசில் இருக்கிற ஆறு பேரில் ரிவ்யூ எழுதிய மண்டபக்காரர் சொன்னதைப் படித்தவுடனே புரிந்துகொண்டிருக்க வேண்டியவள் நான்தான். ஆங்கிலத்தில் வந்ததால் ஆங்கிலத்திலேயே யோசித்து, நாள் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவது என்று அவருக்கே பாடம் எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இன்னொரு பதில் எழுதி இதைச் சரிக்கட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் லீவு போட்டேன். அறந்தாங்கி போய் பஸ் மாறி மணமேல்குடியில் இறங்கி விசாரித்தேன். என் உத்தியோகத்தில் ஒரு வாடிக்கையாளரை நேரில் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

மண்டபக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அலுவல் அறையில் மேசைமேல் நீள நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மண்டபம் பார்க்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"வாங்கம்மா, இங்கிட்டு உக்காருங்க. எந்தத் தேதி வேணும்?"

"தேதி வேணாம்ணே. நான் அந்தக் காலண்டர் கம்பெனியிலேருந்து வாரேன். கறம்பக்குடிதான் எனக்கு."

அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு போனை எடுத்துத் தேய்த்தார். என் பதிலைத் தமிழில் மாற்றிப் படிக்கச் சொல்லி அழுத்தினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், உயிரே இல்லாத சுத்தத் தமிழில், இது பதிவு செய்தவரின் பிழை, எங்கள் உதவிப் பக்கத்தைப் படியுங்கள் என்று முடித்தது.

"இத எழுதுனவரு யாரும்மா? அவருக்குக் கல்யாணம் காச்சி ஒண்ணும் தெரியாதோ?"

"நான்தாண்ணே எழுதுனேன். எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் தப்பா எழுதிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

நடந்ததைச் சொன்னார். நோட்டில் முகூர்த்தத் தேதியை மட்டும்தான் எழுதுவாராம். அதைப் பார்க்கிறவர் அவர் ஒருவரே என்பதால் இத்தனை வருடத்தில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. கல்யாணப் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர்களும் மண்டபம் பிடிக்க வசதியாக இருக்கும் என்று இணையதளம் செய்து கொடுத்து எங்கள் காலண்டரையும் பொருத்தியிருக்கிறார். நோட்டில் இருந்தபடியே தேதிகளை ஏற்றியிருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, பெண் ஊரில் புதன்கிழமை தாலி கட்டிவிட்டுச் சனிக்கிழமை சொந்த ஊரில் வரவேற்பு வைக்கத் திட்டம் போட்டிருக்கிறார். காலண்டரில் சனிக்கிழமை காலியாகத் தெரிந்திருக்கிறது, அழுத்தியிருக்கிறார். உங்கள் இடம் உறுதி என்று எங்கள் மென்பொருள் அவருக்கு மெயிலும் அனுப்பிவிட்டது. மேடை அலங்காரம் செய்கிறவர் வந்து, "சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ரெண்டு வீட்டுலயும் சொல்லியிருக்காங்க, எந்தப் பேரண்ணே எழுதுறது?" என்று கேட்ட பிறகுதான் விஷயமே மண்டபக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழமக் கல்யாணப் பொண்ணோட அப்பா ஜெகதாப்பட்டினத்துல ஐஸ் கம்பெனியில வேல பாக்குறாரு. மொதக் கல்யாணம் அவரு வீட்டுல. மாப்ள வீட்டு ஆளுகள சாயங்காலம் எங்கிட்டு எறக்குவாரு? இன்னும் அவருக்கு நான் சொல்லல. சொல்லாமலே முடிக்கணும்னு கெடக்குறேன். என் மண்டபத்துலேருந்து இதுவரைக்கும் ஒரு குடும்பத்தத் திருப்பி அனுப்புனதில்லம்மா."

எனக்கு வேலை என்னவென்று தெரிந்துவிட்டது. பெண்ணின் அப்பா காதுக்கு இந்தச் சேதி போகக் கூடாது. நேரத்தைத் துண்டு போட்டு அடுக்குவதுதான் என் தொழில், அதை இங்கேயும் செய்ய வேண்டும். அங்கே உட்கார்ந்தே துபாய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், ஆனால் கொஞ்சமும் இளகவில்லை.

"அக்கா, ஒங்க மெயில் என்கிட்ட இருக்கு. பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

மாலைக்குப் பதில் அதே சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாவே பேசினார். ராகுகாலம் பத்தரைக்கு முடிந்துவிடும், அதற்கு மேல் மத்தியான விருந்தாக வைத்துக்கொள்ளத் தனக்குச் சம்மதம் என்றார். உடனே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"ஆனா நேரம் மாறிப்போச்சுன்னு ஊருக்கெல்லாம் நாங்க சொல்லிக்கிட்டுத் திரிய முடியாது. மெயில் அனுப்புனது ஒங்க ஆளுகதான, நீங்களே ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிச் சொல்லிருங்க."

நியாயம்தானே. பட்டியல் வந்தது. இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எழுதியே பழகியவளுக்குப் பேசுவது வேறு வேலை. யாரென்றே தெரியாத பெண் போனில் கூப்பிட்டு வரவேற்பு மாலையில் இல்லை, பகலில் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணத்தைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்று ஒருவர் கத்தினார். ஒரு பெரியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பகல் விருந்தில் கறி உண்டா என்று விசாரித்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதி வைத்துக்கொண்டேன், சொல்லவும் செய்தேன். ஒருவரையும் விடவில்லை. எனக்கு ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

நடுவில் கோயம்புத்தூரோடு ஒரு சண்டை. நிகழ்ச்சிக்கு முந்தின மாலையையும் சேர்த்துத் தானாகப் பூட்டுகிற வசதி வேண்டும் என்றேன். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக எதற்கு என்றார் மென்பொருள் எழுதுகிறவர். நம் ஊரில் எத்தனை மண்டபம் இருக்கிறது என்று வெளியே போய் எட்டிப் பாருங்கள் என்றேன். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பெண் பார்க்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை அழைப்பன்று மேடையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் சம்மதமா என்று கேட்டேன். அந்த வாரமே வசதி வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் மணமேல்குடிக்குப் போனேன். கூப்பிடாமலேதான் போனேன், என் கண்ணால் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. பகல் விருந்து நன்றாகவே நடந்தது. மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்ததும், மண்டபக்காரரும் அவர் ஆட்களும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளினார்கள். நான் நாற்காலிகளை வரிசைப்படுத்தினேன். மேடையில் ஒரு ஜோடியின் பெயரைக் கழற்றி அடுத்த ஜோடியின் பெயரை ஒட்டினார்கள். ஆறு மணிக்கு முன்பாகவே பெண் வீட்டு வேன் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா முதல் ஆளாக இறங்கி உள்ளே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டி சட்டை. மேடையைப் பார்த்தார், ஈரம் காயாத தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"அண்ணே, எங்களுக்குன்னே புதுசாக் கட்டுன மாதிரி வச்சிருக்கீங்க" என்று மண்டபக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்குன்னுதான்" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சமையல்கட்டுப் பக்கம் போவது போல நகர்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மண்டபக்காரர் தேடி வந்தார். கையில் போன்.

"தங்கச்சி, அந்த ஸ்டார மாத்திப் போட்டுரவா? அஞ்சாக்கிருவோமா?"

பிரச்சினை தீர்ந்தால் ஸ்டாரை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். மேலாளர் அன்று காலையிலும் ஞாபகப்படுத்தியிருந்தார்.

"வேணாம்ணே. நீங்க எழுதுனதுல ஒரு வார்த்த பொய்யில்ல. அது அப்படியே இருக்கட்டும்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நானும் மாத்துறதா இல்ல. நீங்க என்ன சொல்லுறீங்கன்னுதான் கேட்டுப் பாத்தேன்" என்றார். "சாப்ட்டுட்டுப் போங்க, மொதப் பந்தி போட்டாச்சு."

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் என் பழைய பதிலை அழித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும், அது எனக்குத் தெரிந்திருந்தும் உங்கள்மேல் பழி போட்டேன், தவறு என்னுடையது என்று தமிழிலேயே எழுதினேன். கீழே "சப்போர்ட் குழு" என்று கை தானாகப் போட்டுவிட்டது. அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.