நகலெடுக்க முடியாத பட்டியல்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடும் நேரத்தில்தான் என் அலுவலக வேலையில் பாதி நடக்கும். ஆவுடையார்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து விடிந்ததும் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை வருவோம். அவருக்கு ஊசி குத்தி மெஷினில் போட்டதும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பேன். கம்பெனி சென்னையில் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது.

அது அவ்வப்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். சென்சார்களைப் படிக்கும் பகுதியில் நின்றதால், அதை எழுதிய இலுப்பூர்க்காரர் மேல் பழி விழுந்தது. அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு என்னை எடுத்தார்கள். வேலையைப் போனில் ஒப்படைத்தபோது, "நான் எழுதுன கோடுல தப்பு இல்லைங்கக்கா. அதை எப்புடிக் காட்டுறதுன்னுதான் தெரியல" என்றார்.

நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

பிறகு மேலாளர் பழைய பாயின்டர்களையெல்லாம் ஸ்மார்ட் பாயின்டராக மாற்றச் சொன்னார். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஒரு பொருளுக்கு நினைவகத்தில் இடம் எடுத்தால், அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுவது பாயின்டர்; வேலை முடிந்ததும் நாமே அதை விடுவிக்க வேண்டும். ஸ்மார்ட் பாயின்டர் அதைத் தானே செய்துவிடும். நான் எடுத்துக்கொண்ட வகையில் ஒரு பொருளுக்கு உரிமை ஒருவருக்குத்தான். கைமாற்றலாம், நகலெடுக்க முடியாது. சென்சார்களை அடுக்கி வைத்திருந்த வெக்டார் என்ற பட்டியலை அதற்கேற்ப மாற்றிவிட்டு, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரக் கம்பைல் செய்தேன்.

திரை நிறையப் பிழைகள். எல்லாமே நான் எழுதாத, திறந்துகூடப் பார்த்திராத, மொழியோடு கூடவே வரும் நூலகக் கோப்புகளில். நகலெடுக்கும் ஃபங்ஷன் நீக்கப்பட்டது, அதைக் கூப்பிடுகிறாய் என்று ஒரே குற்றச்சாட்டு, முழ நீளத்துக்கு. எங்கே கூப்பிட்டேன் என்று மட்டும் பிடிபடவில்லை.

மெஷினில் இருந்த அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா, செவப்பு செவப்பா ஓடிக்கிட்டே இருக்கு?"

"தப்பு இருக்குன்னு சொல்லுதுப்பா."

"அம்புட்டுமா?"

"ஒன்னு ரெண்டுதான் இருக்கும். அதுக்கு இம்புட்டுப் பேசுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முந்தைய இரவு அவருக்கு மூச்சு வாங்கியதில் இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை.

பிழைகளை அடியிலிருந்து மேலாகப் படித்தேன். நூலகப் பெயர்களுக்கு நடுவில் எங்கள் கோப்பு ஒன்றின் பெயர் வந்தது. அறிக்கை தயாரிக்கும் கோப்பு. அதில் ஒரு ஃபங்ஷன் சென்சார் பட்டியலை அப்படியே நகலாக வாங்கி, அறிக்கை எழுதி முடித்ததும் அதிலிருந்த சென்சார்களையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. பட்டியல்தான் நகல், சென்சார்கள் அதேதான். அறிக்கை முடிந்தபின் யார் சென்சாரைப் படிக்கப் போனாலும் அங்கே ஒன்றும் இருக்காது. படிக்கிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். பழைய பாயின்டர்களை நகலெடுக்கலாம் என்பதால் இத்தனை நாள் கம்பைலர் அதைப் பேசாமல் விட்டிருந்தது; புதியதை நகலெடுக்க முடியாது என்பதால்தான் இப்போது கத்தியது.

அந்தக் கோப்பை எழுதியவர் எங்கள் மேலாளர்.

திருத்தம் சின்னதுதான். நகலுக்குப் பதில் அசல் பட்டியலையே காட்டும் ரெஃபரன்ஸ் கொடுத்து, அழிக்கும் வரிகளை எடுத்தேன். பிழையில்லாமல் பில்ட் ஓடியது. மேலாளரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ... சரி. பில்ட் போயிடுச்சுல்ல? அது போதும். பழசையெல்லாம் கிளற வேண்டாம்."

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஆனால் மாற்றத்துக்கான குறிப்பில், கோளாறு அறிக்கைப் பகுதியில்தான் இருந்தது, சென்சார் படிக்கும் பகுதியில் இல்லை என்று எழுதிப் பதிவேற்றினேன். அந்தக் குறிப்பு அப்படியே இருக்கிறது.

அப்புறம் இலுப்பூர்க்காரருக்குப் போன் செய்தேன். அவர் இப்போது ஊரிலேயே செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"உங்க மேல தப்பில்லைங்க. கண்டுபிடிச்சுட்டேன்."

"விடுங்கக்கா. இனிமே தெரிஞ்சு என்ன பண்ண?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் கேட்டார்.

"எந்த ஃபைல்லக்கா இருந்துச்சு?"

சொன்னேன். பட்டியலை நகலாக வாங்கியதையும், அது அழித்ததையும் வரிவரியாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அதைத் தொறந்து பாக்கவே எனக்குப் பெர்மிஷன் கெடையாது" என்றார். "ஆள் வந்துட்டாங்க, அப்பறம் பேசுறேங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

அதன்பின் மென்பொருள் அப்படி நிற்கவில்லை. அவரும் அழைக்கவில்லை.

அன்று அவரோடு பேசி முடித்த சற்று நேரத்தில் நர்ஸ் வந்து அப்பாவின் ஊசியை எடுத்தார். அப்பா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "பசிக்குதுத்தா" என்றார். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.