இடுப்பில் போட்ட மரப்பு ஊசி

பல் பிடுங்குவதற்கு முன் ஈறு மரத்துப்போகப் போடுகிற மருந்தை இடுப்பில் போட்டால் வயிற்று அழற்சி வற்றும் என்று ஒருவன் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். சொன்னவன் என்னோடு ஒரே பெஞ்சில் மருத்துவம் படித்தவன். ராஜபாளையத்துக்காரன். நான் கூமாப்பட்டி. இரண்டாம் யுத்தத்துக்குச் சற்று முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை.

அவன் வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிப்பான். குடல்வால் வீங்கி வயிறு கல்லாகிக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்தைச் சுற்றி நோவோகெயின் என்ற அந்த மரப்பு மருந்தை இறக்குவான். நரம்பு மரத்துப்போனால், நின்றுபோன குடல் மறுபடி அசையும், வீக்கம் வடியும் என்பது அவன் கட்சி. உள்ளே நடப்பதைச் சொல்வது வலி ஒன்றுதான், அதன் வாயையும் அடைத்துவிட்டால் சீழ் உடைவது எப்படித் தெரியும் என்பது என் கட்சி. நான் சொன்னதில் இன்றும் தவறில்லை. ஆனால் அவனிடம் சிலர் பிழைத்தார்கள். ராஜபாளையத்து மில்காரர்கள் வண்டி கட்டி வந்து அவனைத் தேடினார்கள். என்னிடம் சொறியும் சிரங்கும்தான் வந்தன. வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில் என் மனைவிக்கு வயிற்று வலி கண்டது. நான் வார்டில் இருந்தேன். எங்கள் பக்கத்து வீடுகளில் வயிறு என்றால் முதலில் விளக்கெண்ணெய்தான். மாமியார் ஊற்றிவிட்டாள். குடல்வால் அழற்சிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது வயிறு பானைபோல் உப்பியிருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுக்கலாம் என்றால் அவ்வளவு தூரம் உடம்பு தாங்காது. நான் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். அவள் என் கையைத் தள்ளினாள்.

"நீங்க சும்மா இருங்க. அவியளக் கூப்பிடுங்க."

அவனைத்தான் சொன்னாள். நானே போய்க் கூப்பிட்டேன்.

அவன் நீள ஊசியோடு வந்தான். நான் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வே, தள்ளி நில்லும். வெளிச்சத்த மறைக்கீரு" என்றான். தள்ளி நின்றேன்.

ஊசிக்குப் பிறகு பார்க்கவேண்டியது ஒன்றுதான். காற்றுப் பிரிந்தால் குடலுக்கு உயிர் வந்துவிட்டது. பிரியாவிட்டால் ஆள் போயாயிற்று. மறுநாள் மத்தியானம்வரை பிரியவில்லை. இவள் சாகவும் கூடாது, அவன் கையால் பிழைக்கவும் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பிரிந்தது. மாமியார் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வெளக்கெண்ண இப்பத்தான் வேல செஞ்சிருக்கு" என்றாள். அவன் சிரித்தபடி கை கழுவினான். என் மனைவி அவனைக் கும்பிட்டாள். என் பக்கம் திரும்பி, கஞ்சி கிடைக்குமா என்றாள். அதையும் அவனிடம் கேட்டுத்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் அவன் ராஜபாளையத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி போட்டான். நான் இங்கேயே இருக்கிறேன். வீட்டுக்குள் ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்கும்போதே, வயிற்றில் சுருக்கென்றால் இவள் ராஜபாளையம் பஸ் எப்போது என்று கேட்கிறாள்.