மூளியின் பங்கு

வெல்லத்தை உடைத்த கை பாதியில் நின்றுவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் வடக்கே மாற்றலாகிப் போனபோது தம் நாயை என்னிடம் விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அதற்குப் பதினோரு வயதாம். எனக்கு எழுபத்தெட்டு. வந்த நாளிலிருந்து சோற்றை முகர்ந்து பார்ப்பதும், என்னை ஒருமுறை பார்ப்பதும், போய்க் கதவோரம் படுப்பதுமாக இருக்கிறது. கொஞ்சம் இனிப்பைக் காட்டி இழுக்கலாம் என்று அச்சுவெல்லம் ஒன்றை எடுத்து உடைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. வெல்லத்தை டப்பாவில் போட்டு மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மேல்கையில் காசளவு வட்டமாகத் தழும்பு இருக்கிறதா? இருந்தால் நீங்களும் என்னைப் போன்ற ஒருவனிடம் கையைக் கொடுத்து அழுதவர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அம்மை குத்துவது என் உத்தியோகம். பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்தவன், இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவன் என்பதற்காகக் கிடைத்த வேலை. படித்ததற்குப் பரிசாக மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மனுவைப் படிக்க ஆள் இல்லை.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற வேண்டியதுதான். அம்மைப்பால் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய்களை ஈரத்துணியில் சுற்றிச் சுரைக்குடுக்கையில் வைத்துக்கொண்டு போவேன். வெயில் பட்டால் பால் கெட்டுவிடும். நான் கெட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பாதி ஏற்றத்தில் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது மேலே எங்கோ ஒருவர் ‘ஓ’வென்று கூவுவார். அதை அடுத்த மேட்டில் இருப்பவர் வாங்கிக் கூவுவார். எனக்கு வரவேற்பு என்று முதல் மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘குத்தூசி வருது, புள்ளைங்கள ஒளிங்க’ என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு தெரிந்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் வரும். அம்மா தானாக வரும்போது வரட்டும், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பானேன் என்றார்கள்.

நான் குடியிருந்த குடிசைக்கு இரண்டு வீடு தள்ளிப் பாப்பாயி இருந்தாள். அந்த வருஷம்தான் மலைக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள். செல்லாயி என்று ஐந்து வயதில் ஒரே பெண் அவளுக்கு. புருஷன் விட்டுப்போன வேட்டைநாய்தான் மூளி. காட்டுப்பன்றி கிழித்து இடது காது பாதி போய்விட்டதால் அந்தப் பெயர். நான் பார்த்தபோதே அதன் மூஞ்சி நரைத்திருந்தது. பின்னங்கால் ஒன்றைத் தயங்கித் தயங்கித்தான் ஊன்றும். யாரைக் கேட்டதோ, ஒரு நாள் என் வாசலில் வந்து படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பாப்பாயி வந்தாள்.

“ஏனுங்க அய்யா, இது எங்கூட்டுல சோறு திங்க மாட்டேங்குதுங்க. அவரு போனதுல இருந்து ஊடு ஊடா ஏறி எறங்கிப் பாத்துச்சு. உங்க வாசல்லதான் படுக்குது. நீங்களே வச்சுக்கோங்க.”

“நாய் வளத்துப் பழக்கம் இல்லீங்க எனக்கு.”

“நீங்க எங்கீங்க வளக்கப் போறீங்க? அது வளந்து முடிஞ்சு போச்சு. கூட இருந்தாப் போதும்.” போகிறவள் திரும்பி நின்று, “நீங்க உண்ணும்போது மொத உருண்டை அதுக்கு. அவரு அப்படித்தான் வைப்பாரு” என்றாள்.

கிழ நாயோடு குடித்தனம் நடத்துவது, இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்படுவது போலத்தான். எதைச் செய்தாலும் முன்னவர் செய்த மாதிரி இல்லை. நான் ‘மூளி’ என்று கூப்பிட்டால் நல்ல காது மட்டும் திரும்பும், தலை திரும்பாது. செருப்பைப் போட்டால் உறுமும். அந்த ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை. கடைசியில் நான்தான் செருப்பை விட்டேன். களி உருண்டையை வைத்தால் நான் நகரும்வரை தொடாது. வெயில் சாயும் நேரத்தில் பாப்பாயி வீட்டுக்கு நடக்கும். செத்துப்போனவர் உட்காரும் மரக்கட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பும். ஒரு மாதம் தவறவில்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான். பிறகு ஒரு நாள் பாதி வழியில் நின்றது. கால் வலியா, மனசு மாறிற்றா, தெரியாது. திரும்பி வந்து என் காலின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கால் மரத்துப்போயும் நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பின் நான் ஊர் ஊராகப் போகும்போது அதுவும் வரும். ஏற்றத்தில் அதற்கும் மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கும். யார் முதலில் உட்காருவது என்பதில் மட்டும் அதற்குக் கௌரவம் உண்டு. நான் உட்கார்ந்த பிறகுதான் அது உட்காரும். மூளியை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “மூளி கூட வருதா, அப்ப நல்ல மனுசந்தான்” என்று ஒரு கிழவர் சொன்னது என் காதில் விழுந்தது. நாயின் நல்ல பெயரில் நான் மோர் குடித்தேன், பலாச்சுளை தின்றேன்.

கார்த்திகை மாதத்தில் மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. வேலை போதவில்லை, நேரில் வந்து பார்க்கப்போகிறேன் என்று. அந்த வாரம் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பெண்கள் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை.

“புள்ளைங்க எங்கீங்க?”

“காட்டுக்குப் போச்சுங்க.”

“கைப்புள்ளை கூடவா?”

“அதுந்தானுங்க” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் உலக்கையை விடாமல் சிரித்தார்கள்.

குடுக்கையில் பால் கெட்டுக்கொண்டிருந்தது. அப்போது மூளி ஒரு வீட்டுக்குள் போய்த் தானியக் குதிருக்கு முன்னால் நின்று வாலாட்டியது. முனகியது. நான் ஏறி மூடியைத் திறந்தேன். உள்ளே நான்கு குழந்தைகள், தலையெல்லாம் உமி. அவர்கள்தான் மூளிக்குத் தினை உருண்டை போடுகிறவர்கள். தன் சிநேகிதர்கள் இங்கே இருக்கிறார்களே என்ற சந்தோஷம் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. நாலு பேருக்கும் குத்தினேன்.

இதுவரை நடந்தது தற்செயல். இதற்கு மேல் நடந்தது அப்படி அல்ல. வெளியே வந்ததும், காப்பிக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்து மூளிக்குக் கொடுத்தேன். அடுத்த ஊரில் நானே அதன் காதருகே குனிந்து, “மூளி, எங்க?” என்றேன். போய்க் காட்டியது. வெல்லம் கொடுத்தேன். மூன்றாவது ஊரில் நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. காட்டிவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தது. அட்டாலிப் பரண்மேல், வைக்கோலுக்குள், மாட்டுத் தொட்டிக்குப் பின்னால், எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தது. வேட்டைநாய்தானே. அதற்குக் கிடைத்த கடைசி வேட்டை அது.

கடைசியாக எங்கள் ஊருக்கே வந்தேன். பாப்பாயி தன் பெண்ணைப் பலா மரத்துப் பொந்தில் உட்கார வைத்து, முன்னால் விறகு அடுக்கியிருந்தாள். மூளி விறகை முன்னங்காலால் பிறாண்டியது. செல்லாயி உள்ளே இருந்தபடியே, “போ மூளி, போ கண்ணு” என்று கிசுகிசுத்தது இப்போதும் கேட்கிறது. நான் விறகை எடுத்தேன். பாப்பாயி என்னைத் தடுக்கவில்லை. நாயின் மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தருகே வைத்துக்கொண்டு, “ஏஞ்சாமி, உன்ன வளத்த ஊட்டையே காட்டிக் குடுத்திட்டியே” என்றாள்.

மேலதிகாரி வந்தார், பார்த்தார், மெச்சினார்.

தை மாதத்தில், பொங்கல் கழிந்து ஊர் முழுக்க வேட்டைக்குப் போகும். கொண்டுவந்ததைக் கோயிலுக்குக் கீழே உள்ள பலகைப் பாறையில் வைத்து இலைகளில் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. வேட்டைக்குப் போன நாய்க்கும் அதேபோல ஒரு பங்கு. ஓட முடியாமல் ஓய்ந்த நாய்க்கும் சாகும்வரை உண்டு. மூளி காலையிலேயே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நானும் போயிருந்தேன். பாதி இலை போட்டபின் ஊர்க்கவுண்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அய்யா, ஒரு சொல்லு கேக்கோணும். ஊட்டு நாய் ஊட்டையே காட்டிக் குடுத்தா அதுக்குப் பங்கில்லீங்க, எங்க வழக்கம். ஆளு ஏவி வுட்டிருந்தா நாய் மேல தப்பில்லீங்க. ஆனா அந்த ஆளுக்கு இந்த ஊர்ல நெருப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. நீங்களே சொல்லுங்க. இது தானாப் போச்சுங்களா, நீங்க ஏவுனீங்களா?”

யாரோ, “அவுரு ஒத்துக்குவாராக்கும்!” என்றார்.

“சும்மாருடா. படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்க” என்று கவுண்டர் அதட்டினார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் நியாயம்போல இருக்கும். அதுகூட உண்மை இல்லை. ஊரைவிட்டு அனுப்பினால் எனக்கு நல்லதுதான், காய்ச்சலிலிருந்து தப்பிப்பேன். அத்தனை பேர் முன்னால் வெல்லக்கட்டியின் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

“தானாத்தாங்க போச்சு” என்றேன்.

மூளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் கேட்டதும் வாலை ஒருமுறை ஆட்டியது. கவுண்டர் கத்தியை எடுத்தார். இலை அதைத் தாண்டி அடுத்த நாய்க்குப் போயிற்று. எல்லோரும் எழுந்து போனபின்னும் மூளி உட்கார்ந்தே இருந்தது. பாறையைக் கழுவிய தண்ணீர் ஓடி அதன் காலை நனைத்த பிறகுதான் எழுந்தது.

அதை யாரும் அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வீட்டுப்படி ஏறினால் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. நான் என் தட்டிலிருந்து முதல் உருண்டை, இரண்டாம் உருண்டை எல்லாம் வைத்தேன். அது சாப்பிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது என்னைவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போவதற்கு நான் இடம் வைக்கவில்லை.

பங்குனியில் மலையில் அம்மை வந்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்கு வரவில்லை. இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளப் பல வருஷம் முயன்றிருக்கிறேன். செய்த வேலை சரிதான், இன்றைக்கும் சொல்வேன். பாறைமேல் நின்று சொன்ன ஒரு சொல்லுக்கு அது பதில் ஆகவில்லை.

ஆடிக் காற்றில் மூளி செத்துப்போயிற்று. என் வாசலில், தலையை வெளியே பார்த்து வைத்துக்கொண்டு. நான் குழி வெட்டத் தெரியாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது பாப்பாயி வந்து மண்வெட்டியை வாங்கினாள்.

“குடுங்க. இது என்ன குழியா, கோழி கிண்டுனாப்பல இருக்குது.”

வெட்டி முடித்து, துணியில் சுற்றி இறக்கி, மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு எம்புள்ளையக் காட்டுச்சுதுங்களே, அப்ப இது வாயில வெல்ல வாசம் அடிச்சுதுங்க. எங்களுக்குத் தேனுதான், வெல்லம் ஏதுங்க?”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க” என்றாள். “அதுவும் அப்படித்தான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

அப்போதாவது நேரே கவுண்டர் வீட்டுக்குப் போயிருக்கலாம். இருபது எட்டு வைத்தால் போதும். மாற்றல் மனு எழுதினேன். இங்கிலீஷில், நல்ல நடையில்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒருமுறை போனேன். காரவள்ளியிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. நான் மூச்சிரைத்து உட்கார்ந்த இடங்களை ஜன்னல் வழியாகத் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கவுண்டர் போய்விட்டார். பாப்பாயி போய்விட்டாள். செல்லாயியை எங்கோ கட்டிக்கொடுத்தார்களாம், ஊர் பெயர் யாருக்கும் நினைவில்லை. தை வேட்டை நின்றுபோய்விட்டது. மேட்டிலிருந்து மேட்டுக்குக் கூவுகிறவர்கள் இல்லை. அம்மையும் உலகத்தைவிட்டே போய்விட்டது. பலகைப் பாறையை ரோடு போடும்போது உடைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பஸ் நிற்கிறது.

அங்கே நின்றபோது, கேட்பதற்கு யாரும் இல்லாத அந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்னேன். “நான்தான் ஏவினேன்.”

பக்கத்தில் மிளகு மூட்டையோடு ஓர் இளம்பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அவள் மேல்கையில் அந்தக் காசளவுத் தழும்பு இல்லை. அம்மை குத்தவேண்டிய அவசியமே இல்லாத காலத்தில் பிறந்தவள்.

“என்னமோ சொன்னீங்களே அப்புச்சி, என்னங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு” என்றேன்.