ஜெயகரன் சொன்ன ஒரு வாக்கியம்

1907ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் ஜெயகரன் தகரப் பெட்டியோடு கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவனைக் கல்லூரி நீக்கிவிட்டது. வருவதாக அவன் வீட்டுக்கு எழுதவில்லை. எழுத என்ன இருந்தது?

அப்பா டேவிட் வட ஆற்காட்டிலிருந்து வந்து பதினெட்டு வருஷம் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். இப்போது நெஞ்சில் தூசி அடைத்து, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மகன் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியதும், மிஷனே உபகாரச் சம்பளம் கொடுத்து அவனைச் சென்னைக்கு அனுப்பியது. சுரங்கக் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவன்.

தங்கவயலிலிருந்து அவனோடு இன்னும் இருவர் அங்கே படித்தார்கள். வாசு, தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் இருந்த சுரங்க ஆபீஸ் ஹெட் கிளார்க் சௌந்தரராஜ ஐயங்காரின் மகன். சுதேசி என்றால் உயிர். சீமைத் துணியைத் தொடமாட்டான். கிளாரன்ஸ் ஆண்டர்சன்பேட்டை உபதேசியாரின் மகன். இங்கிலீஷ்காரன் போனால் நாடு நாறிவிடும் என்று அடித்துச் சொல்வான். ரயிலில் மூவரும் ஒரே பெட்டியில் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். விடுதியில் மட்டும் வாசுவுக்குத் தனிச் சாப்பாட்டுக் கூடம்.

ஜூலையில் விவாத சங்கம் கூடியது. இங்கிலீஷ் ஆட்சி நன்மையா தீமையா என்று பேச்சு. வாசுவும் கிளாரன்ஸும் ஆளுக்கொரு பக்கம் முழங்கி முடித்ததும் ஜெயகரனை எழுப்பிவிட்டார்கள்.

"கோலார் தங்கம் கப்பலேறிப் போகிறது, தோண்டினவனுக்குத் தூசிதான் மிச்சம். என் அப்பா இருமுவதைக் கேட்டால் வாசு சொல்வது சரி என்று தெரியும். ஆனால் அப்பா சுரங்கத்துக்கு வருமுன், சொந்த ஊரில் எங்கள் தாத்தாவால் வாசுவின் ஜாதிக்காரர் தெருவில் நடக்க முடியாது. என்னை பெஞ்சில் உட்காரவைத்தது பாதிரிமார் பள்ளிக்கூடம். அப்படிப் பார்த்தால் கிளாரன்ஸ் சொல்வது சரி. நான் யார் பக்கம் கை தூக்குவது?"

கூடம் சிரித்தது. சுதேசிக் கட்சி அவனைத் துரைமார் செல்லம் என்றது. மற்றவர்கள் ராஜத்துரோகி என்றார்கள்.

பத்து நாள் கழித்துக் கல்லூரி ஜெபக்கூடத்துச் சுவரில், சர்க்காரைத் தூஷித்து ஒரு நோட்டீசு. அதன் முதல் வரி ஜெயகரனுடையது: கோலார் தங்கம் கப்பலேறிப் போகிறது, தோண்டினவனுக்குத் தூசிதான் மிச்சம். அடியில் பேர் இல்லை, ஆனால் எழுத்து வாசுவுடையது. பார்த்த மாத்திரத்தில் ஜெயகரனுக்குத் தெரிந்துவிட்டது.

பிரின்ஸிபால் துரை அவனை மட்டும் கூப்பிட்டார்.

"வாக்கியம் உன்னுடையது. எழுதியது நீயா?"

"இல்லை ஐயா."

"யாரென்று தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் வாயில் வரவில்லை. வாசுவின் பேரும் வரவில்லை. பேரைச் சொல்ல மூன்று நாள் தவணை கொடுத்தார்கள். வாசு தானே போய்ச் சொல்லிவிடுவான் என்று ஜெயகரன் காத்திருந்தான். வாசு அந்த மூன்று நாளும் அவன் கண்ணில் படவே இல்லை.

ஊருக்கு வந்தவன் ஆபீஸ் வேலையாவது கிடைக்குமா என்று கோரமண்டலுக்குப் போனான். ஹெட் கிளார்க் சௌந்தரராஜ ஐயங்கார் கல்லூரிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"பாலிடிக்ஸ் பண்ணின பையனை நான் எப்படிப்பா ஆபீஸ்ல சேர்க்கறது? என் தலையும் சேர்ந்துன்னா உருளும்? வாசுவைப் பாரு, தானுண்டு படிப்புண்டுன்னு இருக்கான்."

ஜெயகரன் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அடுத்த வாரம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினான், தண்டவாளத்தில் கல் வண்டி தள்ளும் வேலைக்கு.

அன்று சாயங்காலம் டேவிட் அவன் சேறான கால்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நான் கீழ எறங்குனது நீ மேல இருக்கணும்னுதானேடா. யாரு எழுதுனாங்கன்னு சொல்லிட்டுப் போயேன். உனுக்கு இன்னா வந்துது?"

"அவனே சொல்லுவான் நைனா."

"எப்போ? நான் போனப்புறமா?"

தசரா லீவுக்கு வாசு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஷிப்டு முடிந்த கையோடு கோரமண்டலில் அவன் வீட்டுக்கு நடந்தான். முன்வாசல் அவனுக்கு வழக்கமில்லை. கொல்லைப் பக்கம் கிணற்றடியில் வாசு வந்து நின்றான்.

"எங்க நைனா தேறமாட்டாரு வாசு. நீ ஒரு கடுதாசி எழுதிப் போடு. நான் எழுதலன்னு மட்டும் எழுது, போதும்."

"இது கடைசி வருஷம்டா. பரீட்சை முடியட்டும், நானே எழுதறேன். சத்தியமா எழுதறேன்."

"அதுவரைக்கும் அவரு தாங்கமாட்டாரு."

வாசு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்குப் பயமா இருக்குடா. அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்தே போயிடுவார்." அழுதது நிஜம்தான். ஆனால் அவன் எழுதவில்லை.

நவம்பரில் டேவிட் இறந்தார். கடைசி இரண்டு நாளும் மகனோடு பேசவில்லை. மூச்சு போதாமலா, மனசு வராமலா என்று ஜெயகரனுக்குக் கடைசிவரை தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்த கிளாரன்ஸ் துக்கம் கேட்க வந்தான்.

"வாசு எழுத்துதான்னு எனக்கும் தெரியும். என்னைக் கேக்கல, நானும் சொல்லல. அவன் கட்சி எனக்கு ஆகாது, ஆனா கோள் சொல்றதும் எனக்கு ஆகாது. இப்ப நீ எழுதுறேன்னா சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

ஜெயகரனின் அம்மா ரத்தினம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். "எழுதுடா. அந்தப் புள்ளைக்கு ஒரு நாயம், உனுக்கு ஒரு நாயமா?"

ஜெயகரன் பிரின்ஸிபாலுக்கு எழுதினான். ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கிளாரன்ஸின் கையெழுத்தையும் வாங்கி, தானே ஸ்டேஷன் வரை நடந்து தபால் பெட்டியில் போட்டான். திரும்பும்போது அந்தப் பெட்டியை உடைத்து எடுத்துவிடலாமா என்று தோன்றியது.

ஜனவரியில் பதில் வந்தது. உண்மையைத் தெரிவித்ததற்கு நன்றி, அவனுடைய உபகாரச் சம்பளம் வேறொரு மாணவனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நாலு வரி. வாசுவைப் பரீட்சைக்கு முன்பே நீக்கிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை. கல்கத்தா போனான் என்றார்கள் சிலர், கடலில் விழுந்தான் என்றார்கள் சிலர்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், ஷிப்டு முடிந்து வந்த ஜெயகரன், லைன் வீட்டு வாசலில் வாசுவின் அம்மா ஜெயம்மா நிற்பதைப் பார்த்தான். அந்தப் பக்கமே வந்திராதவள். லைனில் உள்ள பெண்களெல்லாம் வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மா என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள்.

"ஒக்காருங்கம்மா."

ஜெயம்மா கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தாள். ஜெயகரனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"உனக்கு ஏதாவது எழுதினானாப்பா? ஆத்துக்கு வந்தா உன் பேச்சுத்தான் பேசுவான். எங்கே இருக்கேன்னு ஒரு வரி?"

"இல்லம்மா."

"யாரோ பாவி காட்டிக்கொடுத்துட்டான்."

ஜெயகரன் கைச் சேற்றைப் பார்த்தான். "நான்தாம்மா எழுதிப் போட்டேன்."

ரத்தினம்மா பதறி நடுவில் வந்தாள். "இவனைத்தான் மொதல்ல தொரத்துனாங்கம்மா. ஒங்க புள்ள எழுதுனதுக்கு."

ஜெயம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏச்சு வரும் என்று ஜெயகரன் தலைகுனிந்து நின்றான். வரவில்லை.

"இது தெரிஞ்சுண்டேதான் என் பிள்ளை தசராவுக்கு ஆத்துல உக்காந்து சாப்பிட்டானா?" என்று கேட்டாள், யாரையோ கேட்பதுபோல. பிறகு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

கிளாரன்ஸ் பட்டம் வாங்கி மிஷன் பள்ளியில் ஆசிரியரானான். ஜெயகரன் சுரங்கத்திலேயே இருந்தான். கூட்டத்தில் யாராவது சுதேசியைப் புகழ்ந்தாலும், துரைகளைப் புகழ்ந்தாலும் எழுந்து போய்விடுவான். மாதத்துக்கு ஒரு தரம் கோரமண்டலுக்கு நடந்துபோய்க் கொல்லைப் பக்கம் நிற்பான். ஜெயம்மா கதவைத் திறப்பாள்.

"எழுதினானாம்மா?"

"இல்லைப்பா. உனக்கு?"

"இல்லம்மா."

1909 முடிந்தபோதும் அந்தப் பதில் மாறவில்லை.