கோணலாகத் தொங்கிய படம்

அர்சுலா பிங்க்னி சலவைக்காரியின் மகள். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, மாவுச் சாக்கில் படம் போட்டுத்தான் அவளுக்குக் கை பழகியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம், அவளுடைய நாற்பதாவது வயதில், ‘ஏ. பிங்க்னி’ என்று மட்டும் எழுதித் தபாலில் அனுப்பிய ஓவியம் தேர்வாகி, ஜார்ஜியாவில் எங்கள் மில்பரோ நகரத்து ஓவியக்கூடத்தில் மாட்டப்பட்டது. எங்கள் கறுப்புச் சனத்தில் அந்தச் சுவருக்குப் போன முதல் படம் அது. படம் உள்ளே போய்விட்டது. வரைந்தவள் போக முடியாது. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று வாசலில் பலகை தொங்கியது.

மூன்று மாதம் எதிர் நடைபாதையில் நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரே ஒருமுறை அதைச் சுவரில் பார்த்துவிட வேண்டும். அந்த ஏக்கத்தில் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. சனிக்கிழமை படத்தை வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வேறு வந்தது.

வழி சொன்னவள் லவீனியா. அந்தப் படத்தில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வெள்ளைக்கார வீட்டில் பிள்ளை வளர்க்கும் ஆயா. கறுப்பு ஆயாவின் கையில் வெள்ளைக் குழந்தை இருந்தால் எங்கள் ஊரில் எந்தக் கதவும் திறக்கும். என்ன நியாயமோ!

“என் ஏப்ரனக் கட்டிக்கக்கா. நான் வளக்குற அடிலெய்டு பாப்பாவக் கூட்டிட்டுப் போ. ஒரு பய கேக்கமாட்டான்.”

“மாட்டிக்கிட்டா உன் வேல போயிருமேடி.”

“போனாப் போவுது. நான் எப்படி இருக்கேன்னு நீயாச்சும் பாத்துட்டு வந்து சொல்லு.”

வியாழக்கிழமை அர்சுலா போனாள். காவலாளி குழந்தையைப் பார்த்துச் சிரித்து வழிவிட்டான். அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. நடைவழியின் கோடியில் தன் படத்தைக் கண்டாள். நீலம் அப்படியே இருந்தது. ஆனால் படம் இடப்பக்கம் சாய்ந்து, கோணலாகத் தொங்கியது. கை தானாக நீண்டது.

“ஏய்! கைய எடு!” காவலாளி அதட்டினான்.

எடுத்துக்கொண்டாள்.

“ஐ, நம்ம வீனி!” என்று படத்தில் தன் ஆயா லவீனியாவைக் கண்டு குதித்த அடிலெய்டு, படத்தின் கீழ்மூலையை எட்டிப் பிடித்துத் தள்ளினாள். படம் நேரானது.

“பாப்பா படு கெட்டிக்காரி!” என்று காவலாளி சிரித்தான்.

பின் தெருவில் லவீனியா காத்திருந்தாள். “எப்படிக்கா இருக்கேன்?”

“ராணி மாதிரி இருக்கடி.”

“பின்ன ஏன் அழுவுற? ஒரே ஒரு தடவ பாத்தாப் போதும்னியே?”

அர்சுலா ஏப்ரனை அவிழ்த்தாள். ஆனால் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“போதலடி. நாளைக்கும் பாப்பாவக் குடு.”