சூலியா தெருவில் ஐந்து மூக்குப் பித்தளைக் கிண்ணம்

சென்ற மே மாதம், நீதிமன்றக் கோடை விடுமுறையில், நானும் என் மனைவி கோமதியும் மதுரையிலிருந்து பினாங்கு சென்றோம். கோமதியின் தங்கை புக்கிட் மெர்தாஜாமில் குடியிருக்கிறாள்; பயணத்தின் காரணம் அதுவே. தங்கையின் கணவர் செல்வம், அதாவது என் சகலை, அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவர்மீது குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் சிரமமே அதுதான்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக, தெரியாத எதையும் கோமதி முதலில் என்னிடம்தான் கேட்பாள். வங்கிப் படிவமானாலும் சரி, செடியின் பெயரானாலும் சரி. பினாங்கில் மூன்றாம் நாளே "செல்வம், இது என்ன பழம்?", "செல்வம், அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று ஆகிவிட்டது. மலாய் தெரிந்தவரிடம் கேட்பது நியாயம்தான். ஒப்புக்கொண்டேன், பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான்காம் நாள், சனிக்கிழமை, காலை 9.10-க்குச் செல்வத்தின் காரில் மூவரும் புறப்பட்டோம். பட்டர்வொர்த் படகுத்துறை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 25 நிமிடம் பிடித்தது. காரை அங்கேயே நிறுத்திவிட்டுப் படகேறினோம். அன்றைய கட்டணம் தலைக்கு இரண்டு வெள்ளி. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள்.) அக்கரையில் இறங்கிச் சூலியா தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

தெருவின் கிளைச் சந்து ஒன்றில் பழைய சாமான் கடை இருந்தது. அங்கே கோமதி ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம், பக்கவாட்டில் நீண்ட கைப்பிடி, அடியில் ஐந்து சிறு மூக்குகள். மூக்குகளில் பச்சைக் களிம்பு அடைந்திருந்தது.

"பழைய வீடு ஒண்ணு காலி பண்ணப்ப மொத்தமா வாங்கினது. என்னன்னு எனக்கே தெரியாதுலா" என்றார் கடைக்காரர்.

"தம்பி, இது என்னது?" என்று கோமதி செல்வத்தைக் கேட்டாள்.

அவர் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். ஐந்து முகம், கைப்பிடி, பித்தளை ஆகிய மூன்று காரணங்களை வரிசையாகச் சொன்னேன். கவிழ்த்துப் பிடித்து, மூக்குக்கு ஒரு திரி வீதம் வைத்து ஆரத்தி காட்டும் பஞ்சமுக விளக்கு இது, ஐயமில்லை என்று முடித்தேன். கோமதியின் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

"இருக்கும்ண்ணே. எனக்குத் தெரியல. பக்கத்துல கேட்டுருவோமே" என்று செல்வம் கிண்ணத்துடன் அடுத்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்துவிட்டார். நாங்களும் பின்னால் போனோம். இது விளக்குதானே என்று செல்வம் கேட்டதும், கல்லாவில் இருந்த முஸ்லிம் அம்மாள் சிரித்துவிட்டார்.

"விளக்கா? யாரு சொன்னா? எண்ணெய ஊத்துனா அஞ்சு ஓட்டையிலயும் ஒழுகி வேட்டியில தீதான் புடிக்கும்!"

உள்ளே போய் ஒரு ரோஸ் நிறப் பிளாஸ்டிக் குவளையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே கைப்பிடி, அதே ஐந்து மூக்கு. "ரொட்டி ஜாலா ஊத்துறது. ஜாலான்னா மலாய்ல வலை. மாவுல தேங்காப்பால் கலந்து இதுல ஊத்தி, கல்லுக்கு மேல சுத்தோ சுத்துன்னு சுத்தணும். வலை மாதிரி விழும். கோழிக் கறியோட சாப்புட்டுப் பாருங்க. சரி, விளக்குன்னு சொன்ன வக்கீலு யாரு?"

வக்கீல் என்று அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் வக்கீலேதான் என்பது அவருக்குத் தெரியாது.

"நான்தான் அக்கா சொன்னேன்" என்றார் செல்வம். "நம்ம மூளை அவ்வளவுதான்லா."

அம்மாள் அவரைக் கேலி செய்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். கோமதிக்கு உண்மை தெரியும். ஆனாலும் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். நான் பெரிய வழக்கில் வென்று வீடு திரும்பிய நாள்களில் என்மேல் விழுந்த பார்வை அது. ரொட்டி ஜாலா மிக நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு ருசி நினைவில்லை. பழைய சாமான் கடைக்குத் திரும்பியபோது, கிண்ணத்துக்கு 85 வெள்ளி சொன்னார் கடைக்காரர். செல்வம் பையில் கை விடுவதற்குள் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

செல்வோர் கவனத்துக்குச் சில குறிப்புகள். அந்தச் சந்தில் கடைகள் பத்து மணிக்கு மேல்தான் திறக்கின்றன. பழைய பித்தளை எதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அடியில் துளை உண்டா என்று பாருங்கள். அதுவரை கருத்துச் சொல்ல வேண்டாம். பொருளின் பயனைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட அருகில் சமைப்பவரிடம் கேட்பது நல்லது. இப்படியொரு சகலை வாய்த்தவர்கள் மனைவியுடன் தனியே செல்வது உசிதம். விளக்கு என்று சொன்னவன் நான்தான் என்பதையும், அன்று சொல்லாததால், இங்கே எழுதிவைக்கிறேன்.

திரும்பும் படகில் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நின்றது. "அது எந்த நாட்டுக் கொடிங்க?" என்று கோமதி என்னைத்தான் கேட்டாள். நான் நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியவில்லை" என்றேன். அவள் உடனே அந்தப் பக்கம் திரும்பி, "செல்வம்?" என்றாள்.

"தெரியலக்கா" என்றார் அவர். நான் சொன்ன அதே பதில்தான். அதற்கு அவள் சிரித்தாள்.